கையை மடக்கிக் காட்டியவள்

சின் யீ விழுந்த சத்தம் பெரிய சத்தமெல்லாம் இல்லை. புதுச் செருப்பைச் சிமெண்டுத் தரையில் இழுத்த மாதிரி ஒரு கீச். அடுத்து ஒரு தொப். மண்டபம் முழுக்க ஒரே மூச்சாக 'ஆ' என்றது. பந்துக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. அது பாட்டுக்குத் துள்ளித் துள்ளி வந்து என் காலடியில் நின்றது.

சுங்கைப் பட்டாணியில் ஒரு கல்லூரி மண்டபம். சனிக்கிழமை சாயங்காலம். பெண் பிள்ளைகளின் கூடைப்பந்து ஆட்டம். நான் கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தேன், மடியில் பருப்பு வடைப் பையோடு.

கோச் மிஸ் ஓங் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். கடைசி நாற்காலியில் என் பேத்தி வினோஷா. மிஸ் ஓங் கத்தவில்லை, கை தட்டிக் கூப்பிடவில்லை. தலையை மட்டும் ஆட்டினார். வினோ எழுந்து மேல்சட்டையைக் கழற்றினாள்.

இந்த ஒரு தலையாட்டலுக்காகத்தான் நான் மாதக்கணக்கில் அந்தப் படியில் உட்கார்ந்து இடுப்பை ஒடித்துக்கொண்டேன். எழுந்து குதித்திருக்க வேண்டும். நானோ படியை விட்டு எழவில்லை. ஏனென்று அங்கே இருந்த யாருக்கும் தெரியாது. எனக்கும் முனியாண்டிக்கும் மட்டும்தான் தெரியும்.

அவரை அப்படியே வைத்துவிட்டு வேறொன்று சொல்லிவிடுகிறேன். போன வாரம் இதே பக்கத்தில் என் பல் செட்டு தொலைந்த கதையைச் சொன்னேன் இல்லையா, அதைப் படித்துவிட்டு பசாரில் மீன் விற்கும் பெண், "கெடச்சிருச்சா பாட்டி?" என்று கேட்டாள். கிடைத்துவிட்டது. எங்கே என்று மட்டும் கேட்காதீர்கள்.

இன்னொன்று. எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நான் சொல்லச் சொல்ல, கைப்பேசியில் தட்டுவது வினோதான். இந்த வாரம் அவள் கதையை அவளிடமே சொல்லி அவளையே தட்ட வைக்கிறேன். அவள் முகம் போகும் போக்கை நீங்கள் பார்க்கவில்லையே என்றுதான் வருத்தம்.

அம்மாவுக்குப் பதில் பாட்டி

என் மகள் மல்லிகாவுக்குத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. மருமகன் லாரி ஓட்டுகிறார். எப்போது வீட்டுக்கு வருவார் என்று அவருக்கே தெரியாது. வினோ கல்லூரியில் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். ஆட்டம் என்றால் வீட்டிலிருந்து யாராவது போய் உட்கார வேண்டாமா? அப்படித்தான் நான் போக ஆரம்பித்தேன்.

முதல் தடவை போனபோது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஐந்து பேர் உள்ளே ஓடுகிறார்கள். ஓரத்தில் வரிசையாக நாற்காலி போட்டு ஐந்தாறு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். அதில் வினோவும் ஒருத்தி. நான் என்ன நினைத்தேன் தெரியுமா? பிள்ளை ஏதோ தப்பு செய்துவிட்டாள், உட்கார வைத்துவிட்டார்கள் என்று.

"என்னடி பண்ணுன?" என்று படியிலிருந்தே கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல பாட்டி. நான் பெஞ்ச்."

"பெஞ்சா? நீ வினோதானே?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். பக்கத்தில் இருந்த பிள்ளைகள் சிரித்தார்கள். சும்மாதானே உட்கார்ந்திருக்கிறார்கள், பாவம் என்று வடைப் பையைத் திறந்து ஆளுக்கொன்று கொடுத்தேன். ஒரு மலாய்ப் பிள்ளை ஒரே வாயில் போட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து மிஸ் ஓங் அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டார். கன்னம் உப்பிய மேனிக்கு அவள் ஓடிய ஓட்டம் இருக்கிறதே. அன்றிலிருந்து ஆட்டம் முடியும்வரை வடைக்குத் தடை.

வடை நான் சுடுவது. தினமும் விடிகாலையில் சுட்டு, எங்கள் தாமான் குடியிருப்பு முனையில் இருக்கும் சாப்பாட்டுக் கடைக்குக் கொடுக்கிறேன். வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டுதான் இருக்கிறது. "குடுங்கம்மா, நான் சுடுறேன், நீங்க கொஞ்சம் உக்காருங்க," என்று மல்லிகா கேட்காத நாள் இல்லை. "நீ சுட்டா அது வட இல்லடி, ஜப்பான் சிலிப்பரு," என்று விரட்டிவிடுவேன். இதை ஏன் இங்கே சொல்கிறேன் என்று கேட்காதீர்கள். வடைப் பேச்சு வந்தது, சொன்னேன்.

நாற்காலியில் என்ன வேலை

போகப் போகத்தான் எனக்குப் புரிந்தது. நாற்காலியில் இருக்கிறவர்கள் சும்மா இருப்பதில்லை.

எதிர்ப்பக்கத்துப் பிள்ளை எந்தக் கையால் பந்தைத் தட்டுகிறாள், எந்தப் பக்கம் திரும்புகிறாள் என்று பார்க்க வேண்டும். பின்னாலிருந்து யாராவது வந்து மறித்தால், உள்ளே ஓடுகிறவளுக்குத் தெரியாது. நாற்காலியில் இருந்து கத்த வேண்டும். கால் விறைத்துப் போகாமல் முட்டியை ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். வெளியே வருகிறவளுக்கு எழுந்து இடம் விட்டு, துண்டும் தண்ணீரும் நீட்ட வேண்டும்.

மிஸ் ஓங் வைத்திருந்த முறை இதுதான். முதலில் போகிற ஐந்து பேரும் கடைசிவரை ஓட முடியாது. கொஞ்ச நேரம் ஆனதும் ஒருத்தி, இரண்டு பேர் என்று வெளியே வருவார்கள். நாற்காலியில் இருந்து அதே எண்ணிக்கை உள்ளே போகும். உள்ளே போகிறவள் பெரிய வித்தை எதுவும் காட்ட வேண்டாம். பந்தைத் தொலைக்காமல், எதிராளியை மூச்சு வாங்க வைத்தால் போதும். வெளியே வந்தவள் அதற்குள் தெம்பாகிவிடுவாள். கடைசி நேரத்துக்குத் திரும்பப் போவாள். உள்ளே ஓடுகிறவளின் மூச்சு வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

அதற்கு ஒரு சைகையும் இருந்தது. களைத்துப்போனால் கையை முஷ்டியாக மடக்கித் தலைக்கு மேலே தூக்கிக் காட்ட வேண்டும். மிஸ் ஓங் மாற்று ஆளை அனுப்புவார். "நீயா வெளிய வந்தா, நீயே திரும்பப் போகலாம். ஒன் இடத்த யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்று ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னாலும் சொல்வார். அவர் சொன்னது மலாயில். வினோதான் எனக்குத் தமிழாக்கியவள்.

ஒரு பயிற்சியில் அந்த வடைக்காரப் பிள்ளை கையை மடக்கிக் காட்டினாள். நான் யூனியன் கூட்டம் மாதிரி ஏதோ என்று நினைத்து, படியில் இருந்தபடியே நானும் கையைத் தூக்கினேன். மிஸ் ஓங் என்னையும் ஒரு பார்வை பார்த்தார். இந்தக் கிழவியை யாருக்குப் பதிலாக இறக்குவது என்று யோசித்திருப்பார்.

ஆனால் பயிற்சியில் காட்டியதோடு சரி. ஆட்டத்தில் யாரும் கையை மடக்குவதில்லை. மடக்கினால் இடம் போய்விடும் என்று பயம். அதிலும் சின் யீ மோசம். அவள்தான் டீமின் தலை. பந்து அவள் கையில் இருந்துதான் மற்றவர்களுக்குப் போகும். அவளுக்கு மாற்று ஆள் எங்கள் வினோ. மிஸ் ஓங் வெளியே வா என்று கூப்பிட்டாலும், சின் யீ கும்பிடுகிற மாதிரி கையைக் காட்டி, 'ஓகே ஓகே, இன்னும் ஓடுவேன்' என்று ஓடிவிடுவாள். ஜெயித்துக்கொண்டிருக்கிற பிள்ளையைப் பிடித்து இழுக்கவா முடியும்?

அதனால் வினோ உட்கார்ந்தாள். ஆட்டத்துக்கு ஆட்டம் உட்கார்ந்தாள். தோற்பது உறுதியான பிறகோ, ஜெயிப்பது உறுதியான பிறகோ கொஞ்ச நேரம் உள்ளே போய் வருவாள்.

நான் சொல்கிற அந்த வாரம், ஜெர்சியைத் துவைத்து, இஸ்திரி போட்டு, மடித்து ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அறைக் கதவின் பிடியில் மாட்டிவிட்டாள்.

"இது என்னாடி கதவுக்கு மால?"

"சனிக்கெழம போட்டுக்குவேன் பாட்டி. அன்னைக்கும் உக்கார வச்சாங்கன்னா, தொவைச்சுத் திங்கக்கெழம திருப்பிக் குடுத்துருவேன். போதும் லா. எனக்கு வெக்கமா இருக்கு."

அவள் அழுதிருந்தால் நான் ஏதாவது கேலி பேசிச் சிரிக்க வைத்திருப்பேன். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

காய்ச்சல் அஞ்சலை

எனக்கு அந்த வெட்கம் தெரியும்.

என் சின்ன வயதில் திகாம் பத்து ஊர்ப் பக்கத்து ரப்பர் எஸ்டேட்டில் எனக்கு வேலை கொடுத்தபோது, சொந்தமாக மரம் கொடுக்கவில்லை. பால் வெட்டுகிறவர்கள் ஒவ்வொருவருக்கும் இத்தனை மரம் என்று நிரை பிரித்துக் கொடுத்திருப்பார்கள். எனக்கு நிரை கிடையாது. விடியும் முன்னே பெரட்டுக்குப் போய், அதாவது ஆள் எண்ணும் இடத்துக்குப் போய், கத்தியும் வாளியுமாகக் கடைசியில் நிற்க வேண்டும். யாராவது வரவில்லை என்றால் கங்காணி என்னைக் கூப்பிடுவார். எல்லாரும் வந்துவிட்டால் புல் பிடுங்கப் போக வேண்டும்.

யாராவது எப்போது வராமல் போவார்கள்? காய்ச்சல் வந்தால். பிள்ளை பெற்றால். செத்தால். அதனால் என் பெயர் 'காய்ச்சல் அஞ்சலை'. "இந்தா வந்துட்டா பாரு காய்ச்சலு. இன்னைக்கு யாருக்குடி கேக்குற?" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். "ஒனக்குத்தான்க்கா. ஒன் மரந்தான் நல்லாப் பால் விடுது," என்பேன்.

சிரித்தாலும், இருட்டில் நின்றுகொண்டு தலைகளை எண்ணுவேன். ஒரு தலை குறைந்தால் மனசு துள்ளும். துள்ளின உடனே, ஐயோ அந்த வீட்டில் என்ன ஆயிற்றோ என்று கூசும். துள்ளலும் கூச்சமும் ஒன்றாக வரும். எது முதலில் வந்தது என்று பிரித்துப் பார்க்க முடியாது.

அடுத்தவள் மரத்தை வெட்டுவதும் சாமானியம் இல்லை. ஒவ்வொருத்திக்கும் ஒரு கைச் சாய்மானம் இருக்கும். அவள் விட்ட கோட்டிலேயே என் கத்தி போக வேண்டும். ஆழமாகப் போனால் மரம் காயப்படும், அவள் எழுந்து வந்ததும், "எவடி எம் மரத்தக் கடிச்சு வச்சது?" என்று லயத்து வீடுகள் முழுக்கக் கேட்கும்.

இன்னொன்றும் பார்த்திருக்கிறேன். உண்மையாகவே காய்ச்சல் அடிக்கும், உடம்பு நடுங்கும், ஆனாலும் பெரட்டில் வந்து நிற்பார்கள் சிலர். என்னைப் பார்த்ததும் இன்னும் நிமிர்ந்து நிற்பார்கள். அப்போது எனக்கு அது ஏனென்று புரியவில்லை. என்னைப் பார்த்தால் ஏன் முறைக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

முனியாண்டியிடம் கேட்டது

எஸ்டேட் இப்போது முழுக்கச் செம்பனை, எண்ணெய் எடுக்கிற மரம். லயம் இல்லை. ஆனால் ரோட்டோரம் முனியாண்டி மட்டும் அரிவாளோடு அதே இடத்தில் நிற்கிறார். அவருக்கு ஓய்வும் கிடையாது, மாற்று ஆளும் கிடையாது.

வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிப் போனேன். சுருட்டு ஒன்றைப் பற்ற வைத்து முன்னால் வைத்தேன். "ஐயா, எம் பேத்தி நாளைக்கு உள்ள எறங்கி ஆடணும். உக்காந்து உக்காந்து புள்ள வாடிப் போச்சு. எப்படியாச்சும் எறக்கி வுட்டுரு. சேவல் வுடுறேன்," என்றேன்.

எப்படியாச்சும். இந்த வார்த்தையை முனியாண்டியிடம் சொல்லலாமா? அவர் யோசித்துச் செய்கிற சாமி இல்லை. கேட்டதைக் கேட்டபடி கொடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்.

மறுநாள் சாயங்காலம் சின் யீ விழுந்தாள்.

இப்போது தெரிகிறதா, நான் ஏன் எழவில்லை என்று. இரண்டு பிள்ளைகள் அவளைத் தோளில் தாங்கி, ஒற்றைக் காலில் நொண்ட வைத்து, என்னைத் தாண்டித்தான் வெளியே கூட்டிப் போனார்கள். வியர்வையும் தைல வாசனையுமாக என் முழங்காலை உரசிக்கொண்டு போனாள். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. பந்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வினோ உள்ளே போனாள். கால் விறைத்திருந்தது அவளுக்கு. முதல் பந்தையே எதிராளியின் கையில் கொடுத்தாள். அப்புறம் சமாளித்தாள். கடைசிவரை அவள்தான் ஆடினாள். டீம் எப்படியோ ஜெயித்தது. எல்லாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். வினோ ஒரு ஓரமாக நின்று சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்தாள், கட்டினாள், மறுபடி அவிழ்த்தாள்.

காடியை, எங்கள் ஊரில் காருக்கு அதுதான் பேர், வினோதான் ஓட்டி வந்தாள். சிக்னலில் நின்றபோது கேட்டாள்.

"பாட்டி, நான் இப்போ சந்தோசப்படலாமா, கூடாதா?"

நான் எதற்கும் பதில் வைத்திருக்கிறவள். அன்றைக்கு உண்மை வாயில் வந்துவிட்டது. முனியாண்டி, சுருட்டு, எப்படியாச்சும், எல்லாம் சொல்லிவிட்டேன்.

முதலில் சிரித்தாள். பிறகு காடியை ஓரமாக நிறுத்தினாள்.

"அப்போ நான் ஆடணும்னா இன்னொருத்தி காலு போகணுமா? அவ்ளோதானா பாட்டி நானு?"

"அப்டி இல்லடி தங்கம்."

"கோச் எங்களுக்கு அப்டியா சொல்லிக் குடுத்தாங்க? யாரும் விழ வேணாம் லா. அவ கொஞ்சம் உக்காரணும், நான் கொஞ்சம் ஓடணும். அவ்ளோதான் கேட்டேன். இப்டி வந்த எடம் எனக்கு வேணாம். திங்கக்கெழம ஜெர்சியக் குடுத்துருவேன்."

காய்ச்சல் அஞ்சலையின் பேத்தி அப்படிச் சொன்னாள். இதைத் தட்டும்போது அவள் மூக்கை உறிஞ்சுகிறாள். ஏர்கோன் குளிராம்.

மீன் பெட்டி ஐஸ்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சின் யீ வீட்டுக்குப் போயே தீர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். வினோ முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் காடியை எடுத்தாள். கையில் நல்லெண்ணெய், மஞ்சள், புளிய இலை, வடை.

வீடு கோத்தா கோலா மூடாவில். அப்பா மீன் வியாபாரம். வாசலில் வலையும் நீலப் பெட்டிகளும். சின் யீ பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, இன்னொரு நாற்காலியில் காலை நீட்டியிருந்தாள். கணுக்கால் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை நிறைய ஐஸ். மீன் பெட்டியில் இருந்து அள்ளியது. வீடே இறால் வாசனை.

டீம் பிள்ளைகள் எல்லாருக்கும் நான் 'பாட்டி'தான். மற்றதெல்லாம் மலாயில் பேசிக்கொள்வோம். அவள் மலாய் பள்ளிக்கூட மலாய், என்னுடையது பசார் மலாய். உங்களுக்காகத் தமிழில் சொல்கிறேன்.

"பாட்டி, வடை இருக்கா?" அதுதான் முதல் கேள்வி.

வடையைக் கொடுத்தேன். அவள் கடிக்கும் முன்னால் சொல்லிவிட வேண்டும் என்று, "சின் யீ, ஒன் காலு போனது என்னால. எங்க சாமிகிட்ட வினோவ எப்படியாச்சும் எறக்குன்னு கேட்டுட்டேன்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வினோவைப் பார்த்தாள். வாயில் வடையோடு சிரிக்க ஆரம்பித்தாள்.

"பாட்டி சாமிக்கிட்ட எப்போ கேட்டீங்க?"

"வெள்ளிக்கெழம காலைல."

"அப்போ அவர் இல்ல. எனக்கு இந்தக் காலு வலிக்கிறது போன மாசத்துல இருந்து."

வாசலில் சாய்ந்து நின்ற வினோ உள்ளே வந்தாள். "என்னா? போன மாசமா?"

"சப்பாத்த இறுக்கிக் கட்டிக்குவேன். கோச் கூப்பிட்டா ஓகே ஓகேன்னு ஓடிருவேன்."

"ஏன் சொல்லல?"

சின் யீ ஐஸ் பையைத் தூக்கி மறுபடி வைத்தாள். "சொன்னா நீ உள்ள போவ. நீ பெஞ்சுல உக்காந்துக்கிட்டு என்னையே பாக்குறல்ல, நான் எப்போ விழுவேன்னு பாக்குற மாதிரியே இருக்கும். ஒருக்கா போய் உக்காந்தேன்னா அவ்ளோதான், என் எடம் போச்சுன்னு நெனச்சேன்."

"நான் ஒன்னையா பாத்தேன்? ஒன்னைய மறிக்கிறவளப் பாத்தேன், மடச்சி. அவ எப்பவும் வலது பக்கந்தான் திரும்புவா. அத ஒங்கிட்டச் சொல்ல கத்திக் கத்தி என் தொண்ட போச்சு."

"கேக்கல."

"கேக்காது. நீதான் எங்க பக்கம் திரும்பவே மாட்டியே."

ஐஸ் உருகிச் சொட்டுச் சொட்டாகத் தரையில் விழுந்தது. எனக்கோ, காய்ச்சலோடு பெரட்டில் நிமிர்ந்து நின்ற அந்த முகங்கள் எல்லாம் ஒவ்வொன்றாக வந்து போயின. அவர்கள் என்னை முறைக்கவில்லை. பயந்திருக்கிறார்கள். இந்த எலும்புக்கூட்டுப் பெண்ணைப் பார்த்தா பயந்தீர்கள் என்று இப்போது கேட்கலாம் என்றால் ஒருத்தியும் இல்லை.

புளிய இலையை வதக்கிக் கட்டிவிட்டேன். சின் யீயின் அப்பா உள்ளே வந்து மோந்து பார்த்துவிட்டு, "ரசமா?" என்று கேட்டார். ஒரு காலத்தில் தமிழர் வீட்டில் விருந்து சாப்பிட்டிருக்கிறாராம்.

திரும்பி வரும்போது வினோ ஜெர்சியைப் பற்றிப் பேசவில்லை. திங்கட்கிழமை போயிற்று, செவ்வாய் போயிற்று. ஜெர்சியை மறுபடி துவைத்துப் போட்ட பை கதவிலேயே தொங்கியது. கொடுக்கவும் இல்லை, பிரிக்கவும் இல்லை.

மல்லிகா வந்த நேரம்

அடுத்த ஆட்டம் பெரிய ஆட்டம். தோற்றால் அந்த வருஷத்துக்கு அவ்வளவுதான். சின் யீ கணுக்காலில் வெள்ளைப் பட்டை சுற்றி வந்திருந்தாள். டாக்டர் கொஞ்ச நேரம் மட்டும் ஆடலாம் என்றிருந்தார். முதல் ஐந்தில் வினோ. கடைசி நாற்காலியில் சின் யீ.

பையைப் பிரித்து ஜெர்சியைப் போட்டுக்கொண்டுதான் வந்திருந்தாள். ஆனால், "இந்த ஒரு ஆட்டம் பாட்டி, அதுக்கப்புறம் பாக்கலாம்," என்று காடியிலேயே சொல்லிவிட்டாள். இந்தத் தடவை நான் முனியாண்டியிடம் போகவில்லை. அவருக்கும் எனக்கும் கொஞ்ச நாளைக்கு இடைவெளி நல்லது.

மல்லிகா கூட வேலை செய்கிறவளிடம் கெஞ்சி, பாதி ஷிப்டை அவளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். மகள் ஆடி அவள் ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை.

வினோ நன்றாக ஆடினாள். பேத்தி என்பதற்காகச் சொல்லவில்லை. சரி, அதற்காகவும்தான். நாற்காலியில் இருந்து சின் யீ எழுந்து எழுந்து கத்தினாள். அவள் கத்தியது எனக்கே காது அடைத்தது. வினோ ஒவ்வொரு தடவையும் திரும்பித் தலையாட்டினாள்.

பாதி ஆட்டம் தாண்டியது. வினோவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இடுப்பில் கை வைத்தாள். அவள் மறிக்க வேண்டியவள் இரண்டு தடவை அவளைத் தாண்டிப் போய்ப் பந்தைப் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் கதவைத் தள்ளிக்கொண்டு மல்லிகா வந்தாள். தொழிற்சாலை நீலச் சட்டையோடு, தலையில் வலைத் தொப்பியைக்கூடக் கழற்றாமல். வினோ அவளைப் பார்த்துவிட்டாள். நான் வினோவைப் பார்த்தேன். அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

மல்லிகா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மூச்சு வாங்கி, "எங்கம்மா, எங்க?" என்றாள். நான் கையைக் காட்டினேன்.

அவள் கண்டுபிடித்த அதே நேரம், வினோ வலது கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினாள்.

மண்டபத்தில் யாருக்கும் அது பெரிய விஷயமாகத் தெரிந்திருக்காது. நாற்காலியில் இருந்த பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்றுவிட்டார்கள். மிஸ் ஓங் சின் யீ பக்கம் தலையை ஆட்டினார்.

"என்னம்மா, ஏன் வெளிய வரா? இப்பத்தானே லா நான் வந்தேன்," என்றாள் மல்லிகா.

"திரும்பப் போவா. இரு."

"யாராச்சும் போகச் சொன்னாங்களா?"

"அவளேதான் வரா. அவ எடம் எங்கயும் போகாது. நீ மொதல்ல தலையில இருக்குறதக் கழட்டு."

சின் யீ கணக்கெழுதுகிறவர்களின் மேசைப் பக்கம் போய் நின்றாள். விசில் ஊதி ஆட்டம் நின்றால்தான் ஆள் மாற முடியும். ஊதினார்கள். இருவரும் ஓரக் கோட்டருகே ஒருவரை ஒருவர் தாண்டினார்கள். கையோடு கை தட்டியதோடு நிற்கவில்லை. வினோ அவள் காதில் என்னவோ சொன்னாள். பிறகு கேட்டேன். "மெதுவா ஓடு. வலது பக்கத்த மட்டும் அடைச்சுக்கோ, போதும்," என்றாளாம்.

வினோ சின் யீயின் நாற்காலியில் போய் உட்கார்ந்தாள். வடைக்காரப் பிள்ளை துண்டையும் தண்ணீரையும் நீட்டினாள். இந்தத் தடவை வினோ தலையைக் குனியவில்லை. முட்டியை ஆட்டிக்கொண்டே கத்த ஆரம்பித்துவிட்டாள். தாய்க்காரி ஆட்டத்தைப் பார்க்கவே இல்லை. நாற்காலியில் இருக்கும் மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் கோட்டின் அந்தப் பக்கம் இன்னொரு கை மடங்கி மேலே போனது. சின் யீயின் கை. வினோ தானாக எழுந்து மேசைக்குப் போனாள். மல்லிகா எழுந்து நின்றுவிட்டாள். அப்புறம் ஆட்டம் முடியும்வரை அவள் உட்காரவே இல்லை.

ஜெயித்தார்களா என்று கேட்பீர்கள். இல்லை. ஒரே ஒரு கூடையில் தோற்றார்கள். பிள்ளைகள் எல்லாரும் என்னைச் சுற்றி உட்கார்ந்து அழுதுகொண்டே வடை தின்றார்கள். அழும்போது வடை சீக்கிரம் தீர்கிறது. அதை அன்றுதான் கண்டுகொண்டேன்.

ஞாயிறு காலை

மறுநாள் காலையில் அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொடியில் ஜெர்சி ஈரத்தோடு தொங்கியது. பிளாஸ்டிக் பையை வினோ குப்பைக்குக் கட்டிவிட்டிருந்தாள்.

எண்ணெய் காய்ந்துவிட்டது. முதல் ஈடு போட்டேன். கரண்டியைத் திருப்பும்போது மணிக்கட்டில் சுருக்கென்றது. இரண்டாம் ஈட்டுக்கு மாவைத் தட்ட விரல் மடங்கவில்லை. வழக்கம்போலப் பல்லைக் கடித்துக்கொண்டேன், செட்டு என்றாலும் பல்தானே.

மல்லிகா வாசலில் நின்று தலை சீவிக்கொண்டிருந்தாள். கேட்டுக் கேட்டு அலுத்துப்போய், அன்றைக்கு அவள் கேட்கவில்லை.

நான் கரண்டியை வைத்துவிட்டு, வலிக்கிற கையை மடக்கித் தலைக்கு மேலே தூக்கினேன்.

"என்னம்மா, யாரு மேல கோவம்?" என்றாள்.

உள்ளேயிருந்து வினோ எட்டிப் பார்த்தாள். "அம்மா, போங்க லா. ஒங்களத்தான் கூப்புடுறாங்க," என்றாள்.

மல்லிகா சீப்பைத் தலையிலேயே குத்திவிட்டு வந்தாள். நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வினோ ஒரு துண்டும் ஒரு கிளாஸ் தண்ணீரும் கொண்டுவந்து நீட்டினாள். திமிர் பிடித்தவள்.

"தீயக் கொற. தீயக் கொறடி. அது வேகல, திருப்பாத. வலது பக்கம் பாரு, கருகுது," என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கத்தினேன். அதுவும் வேலையில் சேர்த்திதானே.

வடை ஜப்பான் சிலிப்பர் மாதிரி இல்லை. அவ்வளவுதான் சொல்வேன், இதைத் தட்டுகிறவள் அம்மாவிடம் போய்ச் சொல்லிவிடுவாள்.

நாலாவது ஈட்டுக்கு நானாக எழுந்து போனேன். மல்லிகா கரண்டியை என் கையில் கொடுத்துவிட்டு விலகி நின்றாள். என் இடம் அப்படியே சூடாக இருந்தது.